ஆறு வினாடிக்கு ஒரு கீல்

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அவள் அம்மா ஆளுக்கொரு பதில் சொல்வாள். எதிர்வீட்டுக்காரியிடம் கம்பெனி நடத்துகிற படிப்பு என்றாள். பால்காரரிடம் அது மிஷின் படிப்புதான், ஆனால் மிஷினைத் தொடாத மிஷின் படிப்பு என்றாள். பெரியப்பா ஒருவர் விடாமல் குடைந்தபோது, படித்து முடித்தால் தானே தெரிகிறது, விடுங்களேன் என்று வாயை அடைத்துவிட்டாள். மகள் நான்கு வருடம் படித்து முடித்தும் அம்மாவுக்கு அது தெரியவில்லை. ஒரு வேலையை எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில், எப்படிச் செய்தால் நல்லது என்று கண்டுபிடிக்கிற படிப்பு என்று மகளே ஒருநாள் விளக்கினாள். இதற்கா நாலு வருஷம், இதை நான் தினமும் சமையலறையில் செய்கிறேனே என்றாள் அம்மா. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது அவள் இல்லை, மாமா. அம்மாவின் தம்பி. கதவுக் கீல் செய்கிற தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டுபவர். கல்லூரியில் எந்தப் பிரிவு என்று எழுதிக்கொடுக்க வேண்டிய நாளில் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். அவளோ மிக்சி ஓடினாலே இரண்டடி தள்ளி நிற்கிற ரகம். மெக்கானிக்கல் என்றால் இயந்திரத்தைக் கண்டு பயம், சிவில் என்றால் உயரத்தைக் கண்டு பயம், எலக்ட்ரிக்கல் பேச்சையே எடுக்கக் கூடாது. பட்டியலில் எல்லாவற்றையும் அடித்த பிறகு மிச்சமிருந்த ஒன்றின்மேல் மாமா விரலை வைத்தார். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்.

"இதை எடு. வாட்சைப் பிடிச்சுக்கிட்டு எங்க பக்கத்துல வந்து நிக்கிறாங்களே, அவங்க படிக்கிறது இதுதான். இத்தனை வருஷத்துல அதுல ஒருத்தராவது நமக்கு வேண்டியவங்களா இருந்ததில்ல. நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணு அந்த வாட்சைப் பிடிக்கட்டுமே."

பிடித்தாள். அதுவும் மாமா வேலை பார்க்கிற அதே தொழிற்சாலையில். வேலை கிடைத்த அன்று மாமா ஒரு நிபந்தனை போட்டார். உள்ளே நாம் இருவரும் யாரோ எவரோ. தெரிந்தால், நீ எந்த நம்பர் போட்டாலும் மாமனுக்காகப் போட்டாய் என்பார்கள். அவளும் சரி என்றாள். அன்றிலிருந்து தொழிற்சாலைக்குள் அவரை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தாள். மற்றவர்களை அண்ணா என்றோ அக்கா என்றோ அழைப்பாள். மாமாவிடம் மட்டும் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் போய் நின்று இருமுவாள். தொழிலாளர்கள் அவளுக்கு 'செகண்டு மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். மாமாவும் அப்படித்தான் கூப்பிட்டார், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல்.

அவள் வேலை நிரந்தரமாவதற்கு ஐந்து வாரம் இருந்தபோதுதான் இந்தக் கதை நடந்தது. ஓர் ஆண்டு தகுதிகாண் காலம். அது முடியும் முன் உருப்படியாக ஒன்று செய்து காட்டவேண்டும் என்ற தவிப்பில் பிரஸ் பிரிவில் கை வைத்தாள்.

அங்கே வரிசையாக ஐந்து மிஷின்கள். எல்லாம் பழசு. தகட்டுத் துண்டை எடுத்துக் கீழ் அச்சில் வைக்க வேண்டும், மேல் அச்சு இறங்கி அடிக்கும், கீல் தகடாக வெளியே வரும். மிஷினின் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு கறுப்பு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே இருக்க முடியாது. விரல் பிழைப்பதற்கு அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு துண்டுக்கு ஒன்பது வினாடி என்று போர்டில் பல வருடமாக எழுதியிருந்தது.

தகடுகள் வலது பக்கம் பின்னால் ஒரு தள்ளுவண்டியில் இருந்தன. ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் திருப்பி எடுக்க வேண்டும். அவள் வண்டியைத் தூக்கிவிட்டு, இடது முழங்கை உயரத்தில் சாய்வாக ஒரு தட்டைப் பொருத்தினாள். தகடு தானே சரிந்து கைக்கு வரும். இடுப்பு திரும்ப வேண்டாம். நல்ல யோசனைதான், அதில் சந்தேகமே இல்லை. ஒன்பது வினாடி எப்படியும் ஏழரைக்கு வரும் என்று கணக்குப் போட்டாள். பிறகு வாட்சையும் போனையும் எடுத்துக்கொண்டு, மூன்றாவது மிஷினில் மாமா ஓட்டுவதைப் படம் பிடித்து அளந்தாள்.

வந்தது ஆறு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாட்ச் வந்து பக்கத்தில் நின்றால் எந்தத் தொழிலாளியின் கையும் தானாகக் கனத்துவிடும். இறுகியிருக்கிற திருகை இன்னொரு முறை இறுக்குவார்கள். வராத வியர்வையைத் துடைப்பார்கள். தகட்டை, நகைக்கடையில் வளையல் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அளக்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால், இவர் எவ்வளவு மெதுவாகச் செய்கிறார் என்று ஊகித்து அந்த அளவுக்கு நேரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தே ஆடுகிற ஆட்டம் இது. மாமா பதற்றமே இல்லாமல் ஓட்டினார். நெற்றி சுருங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. இவரும் கையை இழுத்துப் பிடித்துத்தான் செய்கிறார் என்று நினைத்து அவள் பத்து சதவிகிதம் குறைத்தாள். ஓய்வுக்கும் தண்ணீர் குடிக்கவும் அதே அளவு கூட்டினாள். ஆறு ஆறாகவே நின்றது.

ஏழரை வரவேண்டியது ஆறாக வந்திருக்கிறதே என்று அவள் மனம் ஒரு நிமிடம் உறுத்தியது. உறுத்தலைத் தட்டிவிட்டாள். எல்லாம் அந்தச் சாய்வுத் தட்டின் மகிமை என்று நினைத்துக்கொண்டாள். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொள்கிற சுகம் யாருக்குத்தான் கசக்கும்? மேனேஜர் நம்பரைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். மறுநாளே போர்டில் ஒன்பதை அழித்து ஆறு எழுதினார்கள். ஐந்து மிஷினுக்கும், எல்லா ஷிஃப்டுக்கும்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை இன்னொரு தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இந்த வேலையை நீங்களே விளக்குங்கள், நிரந்தர உத்தரவுக்கும் நல்லது என்றார். அவள் சந்தோஷமாகப் போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். மணி ஒன்றரை. அலுவலகத்தில் பாதிப்பேர் சாப்பிடப் போயிருந்தார்கள்.

விளக்குவதற்கு ஒரு அட்டவணை வேண்டும். இடது கை என்று ஒரு பத்தி, வலது கை என்று ஒரு பத்தி. ஒரே நேரத்தில் எந்தக் கை என்ன செய்கிறது என்று எதிரெதிரே எழுதவேண்டும். பரீட்சைக்கு நூறு முறை போட்டுப் பழகிய அட்டவணை. மாமாவின் வீடியோவை மிக மெதுவாக ஓடவிட்டு எழுத ஆரம்பித்தாள். இடது கை, தகடு எடுக்கிறது. வலது கை, முடிந்த துண்டைத் தள்ளுகிறது. இடது கை, தகட்டை அச்சில் வைக்கிறது. வலது கை, பட்டன். எதிரே இடது கைக்கும் பட்டன் என்று எழுதப் போனாள்.

இடது கை பட்டனில் இல்லை. தட்டில் இருந்தது. அடுத்த தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் அதேதான். படத்தைப் பெரிதாக்கினாள். இடது பட்டனைச் சுற்றியிருந்த வளையத்துக்குள் கறுப்பாக ஒரு ரப்பர் துண்டு சொருகியிருந்தது. பட்டன் எப்போதும் அமுங்கியே இருந்தது. மேல் அச்சு இறங்குவதற்கு வலது கை ஒன்றே போதும். இடது கை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், உள்ளேகூட.

  ஆறு வினாடி எப்படி வந்தது என்பது இப்போது புரிந்துவிட்டது. அவள் அளந்தது வேலையை இல்லை, ஒரு கள்ளத்தனத்தை. அதில் பத்து சதவிகிதம் வேறு குறைத்திருக்கிறாள். தட்டை இடது பக்கம் வைத்ததும் அவள்தான். தகடு பழையபடி வலது பக்கம் பின்னாலேயே இருந்திருந்தால், பட்டனில் ரப்பர் வைத்தாலும் இடது கைக்கு வேலை இருந்திருக்காது. இரண்டு கையால் அமுக்கிக்கொண்டு ஆறு வினாடியில் ஒரு துண்டை யாராலும் முடிக்க முடியாது. ஆனால் மூன்று வாரமாக ஐந்து மிஷினிலும் எல்லாரும் முடிக்கிறார்கள். அப்படியானால் ஐந்திலும் ரப்பர் இருக்கிறது.

பயம் என்றால் அவளுக்குத் தெரியாததில்லை, மிக்சிக்கே பயந்தவள்தானே. ஆனால் இது வேறு ஜாதிப் பயம். இதுவரை அவள் தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மட்டும்தான் பயந்திருந்தாள். தன்னால் இன்னொருவருக்கு ஆகிவிடுமோ என்று பயந்ததில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இரண்டு மணிக்கு இரண்டாவது ஷிஃப்ட். இந்த வாரம் மாமாவுக்கு இரண்டாவது ஷிஃப்ட்.

மேனேஜர் அறைக்குப் போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிட்டது. சொல்ல வேண்டியதை நடைபாதையில் நான்கு விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். பட்டனைக் கட்டிப்போட்டு ஓட்டுபவர் எவரானாலும் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வீடியோவைக் காட்டினால் அதில் இருப்பது மாமாவின் கை. காட்டாவிட்டால் தப்பை எப்படி நிரூபிப்பது? 

"சார், பிரஸ் நம்பர்ல ஒரு தப்பு இருக்கு."

"எது, ஆறா?" என்றார் மேனேஜர். "மூணு வாரமா எல்லாரும் எட்டிக்கிட்டுத்தானே இருக்காங்க. எட்ட முடியாத நம்பரா இருந்தா தப்புன்னு சொல்லலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். ரப்பர் என்ற ஒரு சொல் போதும் அதற்குப் பதிலாக.  மறுபடியும் அளக்க வேண்டும் என்று மட்டும் முனகினாள். அவர் உற்சாகமாக எழுந்தார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தானும் ஒருமுறை பார்த்த மாதிரி இருக்கும், இப்போதே போவோம் என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனதும் முதல் மிஷினைப் பார்த்தாள். ஓட்டிக்கொண்டிருந்த அக்காவின் இடது கை தட்டில் இருந்தது. இரண்டாவது மிஷினிலும் அப்படியே. மூன்று வாரமாக அவள் தினமும் இந்த வழியாகத்தான் நடந்திருக்கிறாள். போர்டில் ஏறுகிற எண்ணிக்கையைப் பார்த்தாளே தவிர, ஒரு நாளாவது யாருடைய கையையும் பார்க்கவில்லை. மேனேஜரின் கண்ணில் எதுவும் படவில்லை. கறுப்பு பட்டனில் கறுப்பு ரப்பர், தெரிந்து தேடினால்தான் தெரியும். அவர் நேரே மூன்றாவது மிஷினுக்குப் போனார். ஏனென்றால் அளந்தது அங்கேதானே.

மாமா நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர், அவருக்குப் பின்னால் முகம் வெளுத்துப்போய் வாட்சும் கையுமாக அக்கா மகள். அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது. பிள்ளையைச் சோதிக்கிறார்கள், அவள் நம்பரை நம்பவில்லை என்றுதான் நினைத்திருப்பார். மேனேஜர் இரைச்சலுக்கு மேலே கத்தினார், ஓட்டுங்கள், பார்ப்போம் என்று. மாமா ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு ஓட்டினார்.

முதல் துண்டு. இடது கை வைத்தது, வலது கை அமுக்கியது, மேல் அச்சு விழுந்தது. மாமா கைதேர்ந்தவர், ஒன்றும் ஆகாது என்று அவள் நினைத்தாள்.

இரண்டாவது துண்டு. மேனேஜர் இன்னும் ஒரு நிமிடம்தான் நிற்பார், அவர் போனதும் மாமாவிடம் காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

மூன்றாவது துண்டு. இப்போது நிறுத்தினால் எல்லாம் போச்சு. நம்பர் போகும், வெள்ளிக்கிழமை போகும், உத்தரவு போகும். அவள் கை வாட்சை இறுக்கிப் பிடித்திருந்தது. மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார். மாமா இன்னும் வேகமெடுத்தார். ஆறுகூட இல்லை, ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டார்.

நான்காவது தகடு அச்சில் சரியாக உட்காரவில்லை. மாமாவின் இடது விரல் அதை நேராக்க உள்ளே போனது. வலது கை பழக்கத்தில் பட்டனுக்குப் போனது.

"மாமா, கை!"

கத்திக்கொண்டே மிஷினின் நடுவில் இருந்த, அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அறைந்தாள். மேல் அச்சு பாதியில் நின்றது. மற்ற நான்கு மிஷின்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மாமா இடது கையை வெளியே இழுத்து அப்படியே கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மேனேஜர் மாமாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குனிந்து இடது பட்டனைப் பார்த்தார். ரப்பர் துண்டை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மாமாவா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள்.

அப்புறம் நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. மிஷின்களை நிறுத்திச் சோதித்ததில் ஐந்தில் நான்கில் ரப்பர் இருந்தது. ஐந்தாவதில் மட்டும் மரத்துண்டு. அத்தனை பேரையும் வெளியே அனுப்பினால் கீல் செய்ய ஆள் இருக்காது. மற்றவர்களை எச்சரிக்கையோடு விட்டார்கள். மேனேஜரின் கண்ணெதிரே மாட்டிக்கொண்டவர் மாமா. அதனால் விசாரணை முடியும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். போர்டில் ஆறை அழித்து மறுபடியும் ஒன்பது எழுதினார்கள். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.

பாதுகாப்பு அதிகாரி அவளிடம் எழுதி வாங்கினார். எதையும் மறைக்காமல் எழுதுங்கள் என்றார். எழுதினாள். வீடியோவையும் கொடுத்தாள். தன் கணிப்பு எங்கே பிசகியது, தட்டை இடம் மாற்றியதால் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் எழுதினாள். மூன்றாவது மிஷின் முன்னால் நின்றதைப் பற்றி ஒரு வரி: 'இடது கை பட்டனில் இல்லாததைக் கண்டதும் உடனே மிஷினை நிறுத்தினேன்.' அதிகாரி படித்துவிட்டு, சமயோசிதமாக நடந்திருக்கிறீர்கள் என்றார். மேனேஜரும் அவளைத் திட்டவில்லை. சொந்தக்காரர் என்று தெரிந்தும் நிறுத்தினாளே என்று மேலே சொல்லியிருக்கிறார் என்று கேள்வி. உத்தரவு வந்துவிடும் போலத்தான் இருந்தது.

வீட்டில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், காரணம் தன் வயிற்றில் பிறந்தவள். அதை எந்தத் தராசில் போட்டு நிறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாமா போன் செய்யவில்லை. இவள் செய்தால் அத்தை எடுத்து, தூங்குகிறார் என்றாள். பகல் பதினொரு மணிக்கும் தூங்குகிறார், மாலை ஆறு மணிக்கும் தூங்குகிறார்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொறுக்கமாட்டாமல் கிளம்பிப் போனாள்.  அத்தை கதவைத் திறந்து, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் உள்ளே நடந்தாள். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு, துண்டுக்கடியில் இடது கை. சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள், சாப்பிடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள். அவர் தலையை ஆட்டி நிறுத்தினார்.

"உன்மேல கோவம் இல்ல. தப்பு என்னோடது. முதல் நாள் உனக்காகத்தான் பண்ணேன், நல்ல நம்பரா வரட்டும்னு. மறுநாளே போர்டுல எழுதி எல்லார் தலையிலயும் கட்டுவாங்கன்னு நான் நெனக்கல. அதை விடு. எனக்கு ஒண்ணு தெரியணும்."

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் துண்டுக்கடியிலிருந்து கையை எடுத்தார். நடுவிரலின் நகம் முழுவதும் கறுத்திருந்தது. நுனி வீங்கித் தட்டையாகியிருந்தது.

"அத்தைகிட்ட கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லியிருக்கேன். நீ சிவப்பை அடிச்சப்போ இது உள்ள இருந்துச்சு. மேல் அச்சு வந்து நகத்தைத் தொட்டுட்டு நின்னுது."

 நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேல் அச்சு பாதியில் நின்றதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். மற்ற எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"நீ வந்ததுலேர்ந்து என் இடது கையையே பாத்துக்கிட்டு நின்னே," என்றார் மாமா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. "இவ கண்டுபிடிச்சுட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சரி, இப்ப நிறுத்துவா, இப்ப நிறுத்துவான்னு ஓட்டிக்கிட்டே இருக்கேன். மூணு துண்டு போச்சு. நானா நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க, உன் நம்பர் போயிடும், என் வேலையும் போயிடும். எனக்குப் பயம், அதனால ஓட்டினேன். உனக்கு என்ன?"

அவளுக்கு அழுகை வந்தது. "எனக்கும் பயம்தான், மாமா."

"யாருக்காகப் பயந்தே?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது சுலபம். உங்களுக்காகத்தான் என்று சொன்னால் மாமா நம்பிவிடுவார், நம்பத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். முதல் துண்டுக்கு அது உண்மையும்கூட. மூன்றாவது துண்டின்போது தன் மனதில் என்ன ஓடியது என்று அவளுக்கு வினாடி வினாடியாக ஞாபகம் இருந்தது. அதில் மாமாவின் விரல் எங்குமே இல்லை.

"எனக்காக," என்றாள்.

மாமா கறுத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வருகிற காலடிச் சத்தம் கேட்டதும் கையை மறுபடியும் துண்டுக்கடியில் வைத்து மூடிக்கொண்டார். அத்தை கொண்டுவந்த தண்ணீரை அவள் வாங்கிக் குடித்தாள். 

மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள். நான் எழுதிக்கொடுத்ததில் ஒரு திருத்தம் இருக்கிறது, அந்தத் தாள் வேண்டும் என்றாள். அவர் கோப்பை மூடிக் கட்டியேவிட்டிருந்தார். கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது, உங்கள் உத்தரவுகூட இன்றைக்கு மேலே போகிறது, இப்போது எதற்கு வம்பு என்றார். அவள் நகராமல் நின்றாள். அவர் பெருமூச்சு விட்டு நாடாவை அவிழ்த்தார்.

தாளை மேசைமேல் வைத்து அந்த வரியைத் தேடினாள்.  'உடனே' என்ற சொல்லை அடித்தாள். அதற்கு மேலே 'மூன்று துண்டு ஓடிய பிறகு, சுமார் பதினெட்டு வினாடி கழித்து' என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மாமாவின் நடுவிரலைப் பற்றி இன்னொரு வரியைக் கீழே சேர்த்தாள்.

அதிகாரி தாளைத் திருப்பிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"பதினெட்டு செகண்டு என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"வேலை போயிடுமேன்னு பாத்துக்கிட்டு நின்னேன், சார்."

அவர் தாளை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"அதையும் எழுதுங்க," என்றார்.

எழுதினாள்.